சோற்றுக்குக் கூட்டிய வயது

போன வாரம் நம் குரூப்பில் வந்ததைப் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்து விழா மலருக்கு ஆளுக்கொரு பக்கம் எழுதச் சொல்லி, ஜூனியர் ஹாக்கி டீமின் வரலாற்றை என் தலையில் கட்டிவிட்டார்கள். மாதிரிக்கு ஒரு வரியும் அவர்களே அனுப்பியிருக்கிறார்கள்: 'மாவட்ட இறுதிப் போட்டியில் பங்கேற்றுப் பள்ளிக்குப் பெருமை சேர்த்தது.' அதைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. பெருமையாம். யாருக்கு?

கனடாவில் என் மகளின் பிள்ளை ஐஸ் மேல் ஆடும் ஹாக்கியில் ஜூனியர் டீமில் இருக்கிறான். தலையில் கவசம், மார்பில் கவசம், பல்லுக்குக்கூட ஒரு கவசம். அந்த டீமுக்கு வெப்சைட் உண்டு. அதில் வரலாறு என்று ஒரு பக்கம். யார் ஆடினார்கள், யாரிடம் தோற்றார்கள், யார் கால் ஒடிந்து சீசன் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள் என்று எல்லாம் இருக்கிறது. தோற்றதைக்கூட மறைக்காமல் எழுதியிருப்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

நம் டீமின் வரலாறு ஒரே ஒரு சீசன். அதையும் ஒரு வரியில் பூசி மெழுகப் பார்க்கிறார்கள். அதனால் மலருக்கு எழுத வேண்டியதை உங்களுக்கே எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் அன்றைக்கு அங்கே நின்றவர்கள்தான், ஆனால் ஆளுக்கொரு பக்கமாக மறந்திருக்கிறீர்கள். பெயர் எதையும் போடப்போவதில்லை. ஆடிய இடத்தைச் சொன்னால் அவரவருக்குத் தெரிந்துவிடும். நான் ரைட் இன், மறந்திருக்க மாட்டீர்கள்.

மட்டைகள் பஸ் கூரையில் வந்தன. புதுக்கோட்டையில் ஏதோ ஆண்கள் பள்ளியில் கழித்துப் போட்டவை. அதில் பாதி மட்டைகள் நம் நெஞ்சு உயரம் இருந்தன. பி.டி. டீச்சர் ஆசாரியைக் கூப்பிட்டு, பிடிப் பக்கமாக அறுக்கச் சொன்னார். அறுத்த இடத்தில் சிராய் குத்தாமல் இருக்க சைக்கிள் ட்யூபைக் கிழித்துச் சுற்றினோம். வெயில் ஏறினால் அந்த ரப்பர் இளகி உள்ளங்கையில் ஒட்டும். மத்தியானம் சோற்றில் கை வைத்தால் அந்த வாடைதான் முதலில் வரும். கோல் கீப்பருக்குக் காலில் கட்டும் பேடை அவள் அப்பாவே தைத்துக் கொடுத்தார். அவர் அரிசி ஆலையில் மூட்டை தைப்பவர். சாக்குக்குள் தேங்காய் நாரைத் திணித்துக் கயிறு போட்டுக் கட்டினார். ஒரு மழையில் நனைந்த பிறகு அது காயவே இல்லை. கோலுக்குப் பக்கத்தில் எதிர் டீம்காரிகள் அதிகம் நிற்காததற்கு அந்த நாற்றமும் ஒரு காரணம் என்று நாம் சிரிப்போமே, ஞாபகம் இருக்கிறதா?

கிரவுண்டு என்று சொன்னது செம்மண்ணும் சரளையும். சாயங்காலம் ஆட்டத்துக்கு முன்னால் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து கல் பொறுக்குவோம். மறுநாள் பார்த்தால் மறுபடியும் கல் இருக்கும். பந்து எந்தக் கல்லில் பட்டு எந்தப் பக்கம் எகிறும் என்று யாருக்கும் தெரியாது. முழங்காலுக்குக் கீழே எலும்பைத் தடவிப் பாருங்கள், அந்த சீசன் இன்னும் அங்கே இருக்கும்.

பி.டி. டீச்சர் டவுனிலிருந்து பஸ்ஸில் வருவார். விசிலைத் தாலிக்கொடியோடு சேர்த்துப் போட்டிருப்பார். டவுசர் போட வேண்டும் என்று அவர் சொன்னதும் ஊரில் பெரிய சண்டையாகிவிட்டது. கடைசியில் டவுசருக்கு மேல் முழங்கால் வரை பாவாடை என்று ஒப்பந்தமானது. ஓடும்போது இரண்டும் சுற்றிக்கொள்ளும். அப்படித்தான் ஆடினோம், அப்படியேதான் ஜெயித்தும் வந்தோம்.

ஜெயித்ததற்குக் காரணம் ஒருத்திதான். சென்டர் பார்வர்டு. சரளையில் பந்து எகிறும் முன்பே அது எங்கே வரும் என்று தெரிந்து அவள் அங்கே போய் நிற்பாள். எப்படியடி என்று கேட்டால், "கல்லுத்தானடி, அம்மாவோட ஒக்காந்து எம்புட்டுக் கல்லு பாத்துருக்கேன்" என்பாள். அவள் அம்மா நார்த்தாமலைப் பக்கம் குவாரியில் ஜல்லி உடைத்தாள். அப்பா இல்லை. போய்விட்டார் என்று மட்டும் சொல்வார்கள், எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அவள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த கதை நம் எல்லாருக்கும் தெரியும். அம்மா குவாரிக்குப் போனால் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. ஆரம்பப் பள்ளியில் மத்தியானம் சோறு போடுவார்கள். நாலு வயதுப் பிள்ளையைக் கொண்டுவந்து, அஞ்சு முடிந்துவிட்டது என்று நிறுத்தினாள். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும், அன்றைக்கு அதுதான் வயதுக்கு அத்தாட்சி. அவளுக்கு எட்டவில்லை. தலைமையாசிரியர் அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்து, விரலை இழுத்துக் காதில் வைத்து, "தொட்டுருச்சு, எழுதிக்கங்க" என்றாராம். நல்ல மனுஷர். அன்றைக்கு அவர் செய்தது நல்ல காரியம் என்றுதான் இப்போதும் சொல்வேன்.

அப்புறம் ஒரு வருஷம் அம்மா வேலை தேடி வேறு குவாரிக்குப் போனாள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. திரும்பி வந்ததும் நம் வகுப்பில் சேர்த்தார்கள். ஆக, முன்கூட்டியே சேர்ந்த ஒரு வருஷம் இப்படிக் கழிந்து, அவள் நம் வயதுக்காரியாக நம்மோடு உட்கார்ந்தாள். தாளில் மட்டும் ஒரு வயது மூத்தவள். அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. யார் வீட்டில்தான் தேதி சரியாக இருந்தது? ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் என்பதால் நம் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் மே மாதத்தில்தான் பிறந்தோம். இன்றைக்கும் மே வந்தால் நம் குரூப்பில் கேக் படமாகக் குவிகிறது. நான் பிறந்தது ஐப்பசி அடைமழையில். மே என்று எழுதச் சொன்னவர் என் அப்பாதான்.

அன்னவாசலில் முதல் ஆட்டம் ஜெயித்தோம். அடுத்ததும் ஜெயித்தோம். இறுதிப் போட்டிக்கு வந்தபோது டீச்சர் ஒரு செய்தி கொண்டுவந்தார். திருச்சியிலிருந்து ஆட்கள் வந்து ஆட்டத்தைப் பார்ப்பார்கள், நன்றாக ஆடுகிற பிள்ளைகளை விளையாட்டு ஹாஸ்டலுக்கு எடுப்பார்கள். படிப்பு, தங்கல், சாப்பாடு எல்லாம் அவர்களுடையது. யாரை எடுப்பார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

மறுநாளே அவள் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். முந்தானையில் ஜல்லித் தூசி வெள்ளையாகப் படிந்திருந்தது. நாம் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கேட்டோம்.

"காலையிலயும் போடுவாகளா டீச்சர்?"

"மூணு வேளையும் போடுவாங்கம்மா. பாலு, முட்டையெல்லாம் உண்டு."

"லீவு நாள்ல?"

"லீவு நாள்லயும்தாம்மா."

"அப்பன்னாக் கூட்டிட்டுப் போங்க டீச்சர். இல்லாட்டி இந்தப் பரீச்சையோட கூடையத் தூக்கத்தான் வரணும். மேஸ்திரி இப்பவே கேட்டுக்கிட்டு இருக்காரு."

லீவு நாளைப் பற்றி ஏன் கேட்டாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. திங்கட்கிழமைகளில் காலைப் பயிற்சியில் சென்டர் பார்வர்டு சோர்ந்து ஓடுவாள், சாப்பாட்டு மணிக்கு அப்புறம்தான் சரியாவாள். நாம் அதைச் சோம்பல் என்று கேலி செய்திருக்கிறோம்.

இனி என் அப்பா. அவர் ஆபீஸில் குமாஸ்தா. மனு எழுதாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. தெருவிளக்கு எரியவில்லையா, மனு. பஸ் நிற்காமல் போனதா, மனு. தபால் ஆபீஸில் பசை இல்லை என்றுகூட ஒருமுறை எழுதினார். நம் ஆட்டம் ஒன்றுவிடாமல் சைக்கிளில் வந்து குடை பிடித்துக்கொண்டு பார்ப்பார். மகள் டவுசர் போடுகிறாள் என்று ஊர் பேசியபோது பதிலுக்குச் சண்டை போட்டவரும் அவர்தான். அதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

இறுதியில் நம்மோடு மோத வந்த டவுன் டீம் ஆடிய அரையிறுதியை அவர் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"அந்த டீம்ல புல் பேக் ஆடுது பாரு ஒரு புள்ள, அது சடங்குக்கு நானே போயிப் பந்தியில ஒக்காந்து சாப்பிட்டுருக்கேன். மூணு வருசம் இருக்கும். அது எப்படி ஜூனியராகும்? விடமாட்டேன்" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. டவுன் பிள்ளைகளில் சிலர் வீட்டில் தாவணி போடுகிறவர்கள் என்பது பார்த்தாலே தெரியும். அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் பிற்கால வேலையை நினைத்து வயதைக் குறைத்து வைத்திருந்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் ஒரு வேளைச் சோற்றை நினைத்து வயதைக் கூட்டி வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே பொய்தான். ஆனால் ஒன்று ஆளைக் காப்பாற்றும், மற்றது குழியில் தள்ளும்.

இறுதிப் போட்டி அன்று காலையில் புதுக்கோட்டை மைதானத்தில் இறங்கியபோது, டவுன் டீம் வெள்ளை கான்வாஸ் ஷூவில் ஓடிக்கொண்டிருந்தது. நாம் வெறுங்கால். சென்டர் பார்வர்டின் அம்மா அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். துணிமூட்டை ஒன்றும் கையில் இருந்தது. எடுத்தால் அப்படியே அனுப்பிவிடலாம் என்று மகளின் பாவாடை சட்டையை மடித்துக் கொண்டுவந்திருக்கிறாள்.

அப்பா நேராகப் போட்டி நடத்தியவரிடம் போய் மனுவை நீட்டினார். அவர் மரியாதையான மனிதர். நின்றபடியே முழுவதையும் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார்" என்றார். அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே. "ஆனா வயசுச் சந்தேகம்னு வந்துட்டா ஒரு டீமுக்கு மட்டும் பார்க்க முடியாதுங்க. ரெண்டு டீமுக்கும் பார்த்துருவோம்."

"தாராளமாப் பாருங்க. எங்களுக்கென்ன பயம்?"

டீச்சருக்கு அதற்குள் புரிந்துவிட்டது. ஓடி வந்தார். "சார், வேணாம் சார். கொஞ்சம் இங்கிட்டு வாங்க சார்."

"நீங்க சும்மா இருங்க டீச்சர். இவங்கள இன்னைக்கு விடக்கூடாது."

டவுன் பிள்ளைகளின் தாள்களில் ஒரு பழுதும் இல்லை. எல்லாவற்றிலும் முத்திரை. அந்த புல் பேக், தாளின்படி, என்னைவிடச் சின்னவள். அப்புறம் நம் தாள்களை விரித்தார்கள். மே, மே, மே என்று வரிசையாக வந்தது. போட்டி நடத்தியவர் லேசாகச் சிரித்துக்கொண்டே புரட்டினார். ஒன்றுக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"இந்தப் புள்ளைக்கு வயசு தாண்டிருச்சே. இது ஆடக்கூடாதே" என்றார்.

சென்டர் பார்வர்டு மட்டையைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். யாரைச் சொல்கிறார் என்று தேடுவது போல நம் முகங்களையெல்லாம் பார்த்தாள். அவள் அம்மா மூட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"ஐயா, அது பொய்யிங்க. நாந்தான் சோத்துக்காகக் கூட்டிச் சொன்னேன். பெத்தவ சொல்றேன், இந்தப் புள்ளைகளோட வயசுதாங்க எம்புள்ளைக்கும்."

"பெத்தவங்க சொல்றத வச்சு முடிவு பண்ண முடியாதும்மா. பேப்பர்ல என்ன இருக்கோ அதான் வயசு."

அப்போது அந்த அம்மா செய்ததை நீங்கள் மறந்திருக்க முடியாது. மகளின் தாடையைப் பிடித்து, "ஆ காட்டு" என்றாள். ஆட்டுச் சந்தையில் வயது பார்க்கிற மாதிரி உதட்டை இழுத்துப் பிடித்து, "பல்லப் பாருங்கய்யா. கடவாய்ப் பல்லு இன்னும் சரியா மொளைக்கல. வயசு தாண்டுன புள்ளைக்கு இப்படியா இருக்கும்? எட்டிப் பாருங்கய்யா" என்றாள். அவளுக்குத் தெரிந்த அத்தாட்சி அதுதான். டவுன் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். போட்டி நடத்தியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வேணாம்மா, விடும்மா" என்றார். அம்மா விடவில்லை. அவளும் அந்த வெயிலில் வாயைத் திறந்தபடியே நின்றாள். மூடவேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

கடைசியில் அந்த அம்மா என் அப்பா பக்கம் திரும்பினாள். "சார், நீங்களாச்சும் சொல்லுங்க சார். ஒங்களுக்குத் தெரியும்ல, இதுக்கு என்ன வயசுன்னு."

அப்பாவுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். குடையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

"ரூல்னா ரூல்தாம்மா. அதை நாமளே மீறக்கூடாது" என்றார்.

ஆட்டம் நடந்தது. டீச்சர் என்னை சென்டர் பார்வர்டு இடத்தில் நிறுத்தினார். அவள் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு எனக்காகக் கத்தினாள். "இங்கிட்டு வரும்டி, இங்கிட்டு, எடத்த விடாத!" நான் அவள் சொன்ன இடத்தில் நின்றேன். பந்து வந்தது. அடித்தேன், கோல். நாம் போட்ட ஒரே கோல் அதுதான், அதுவும் அவள் கண்ணால் போட்டது. மற்றபடி தோற்றோம். டவுன் டீமில் இரண்டு பேரை எடுத்தார்கள், அந்த புல் பேக் உட்பட. நம் டீமில் என்னை எடுத்தார்கள். கோல் போட்டவள் நான்தானே, அவர்கள் பார்த்தது அவ்வளவுதான்.

பரீச்சை முடிந்து லீவில் ஹாஸ்டலில் இருந்து கடிதம் வந்தது. அப்பா அதைத் தெருவெல்லாம் காட்டிவிட்டு மடித்துப் பெட்டியில் வைத்தார். "செலக்ட் ஆனதே போதும். பொம்பளப் புள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்புறதாவது" என்றார். அந்த மாதமே நானும் பெரியவளானேன். அத்தோடு அந்தப் பேச்சும் முடிந்தது. ஓலைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசுவது கேட்டது.

"அப்பன்னா அந்த எடத்த அந்தப் புள்ளைக்குக் கேட்டுப் பாப்போம் சார். உண்மையான வயசு இதுதான்னு நீங்க ஒரு மனு எழுதிக் குடுங்க. நான் நேர்ல கொண்டு போறேன்."

"அது முறையில்ல டீச்சர். அந்தப் புள்ள பேரு லிஸ்ட்லயே இல்லையே."

தபால் ஆபீஸ் பசைக்கு மனு எழுதிய மனிதர். இதற்கு ஒரு வரி எழுதவில்லை. டீச்சர் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். அந்த ஜூனில் அவருக்கு மாற்றலாகிவிட்டது. அடுத்த வருஷம் டீம் இல்லை. மட்டைகள் ஸ்டோர் ரூமில் கொஞ்ச நாள் கிடந்தன. பிறகு ஈர விறகு எரியாத நாள்களில் பள்ளிக்கூடத்தில் சோறாக்குகிற ஆயா ஒவ்வொன்றாக எடுத்துச் சோற்று உலைக்கு வைத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

அப்பா கெட்டவர் இல்லை. உங்களில் பலருக்கு அவர் எழுதிக்கொடுத்த விண்ணப்பங்களால் நல்லது நடந்திருக்கிறது. நம்மை ஜெயிக்க வைக்கத்தான் அந்த மனுவையும் எழுதினார். ஆனால் தாளில் இருப்பது பொய் என்று தெரிந்தும், என் தாளில் மே என்று எழுதச் சொன்னவரே தானாக இருந்தும், தாள் பேசினால் அவர் வாய் மூடிக்கொள்ளும். பிள்ளை எதிரே நின்றாலும் தாளைத்தான் நம்புவார். சாகும்வரை வீட்டுக்கு வருகிறவர்களிடம், டவுன் டீமை ஒரே மனுவில் கதிகலங்க வைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சென்டர் பார்வர்டு அந்தக் கதையில் வரவே மாட்டாள். நான் காபி கொண்டுபோய் வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, ஆறும் என்றும் தோன்றவில்லை.

மலருக்கு எழுத உட்கார்ந்ததும் கோல் கீப்பரிடம் கேட்டு சென்டர் பார்வர்டின் நம்பரை வாங்கினேன். நம் குரூப்பில் அவளை யாரும் சேர்க்கவில்லை, எட்டாவதோடு நின்றவள் என்பதால் இருக்கும். அறந்தாங்கிப் பக்கம் இருக்கிறாள். மகன்கள் இரண்டு பேரும் வெளிநாட்டில். ஜல்லித் தூசியில் போன நெஞ்சு, பேச்சுக்கு நடுவே இருமிக்கொண்டே இருந்தாள். என் குரலை உடனே கண்டுபிடித்துவிட்டாள். "ரைட் இன்னு தானடி?" என்று சிரித்தாள்.

எப்படியெப்படியோ சுற்றிவந்து கேட்டேன். "எங்கப்பா மேல ஒனக்குக் கோவமாடி?"

"அவுக போய்ச் சேந்துட்டாக. அவுக மேல என்னடி கோவம்" என்றாள். கொஞ்ச நேரம் இருமினாள். "அன்னைக்கு கிரவுண்டுல நான் அழுகவே இல்ல, பாத்தீல்ல? நானில்லாட்டி என்ன, நீ போயித் திம்பேன்னு நெனச்சேன். பெறகு டீச்சர் ஊர விட்டுப் போறப்ப குவாரிக்கு வந்து சொன்னாக, ஒங்க வீட்ல அனுப்பலைன்னு. அன்னைக்குத்தாண்டி கல்லு மேல ஒக்காந்து அழுதேன். அங்க மூணு வேளையும் ஒரு தட்டுச் சோறு, எனக்குமில்லாம ஒனக்குமில்லாமப் போச்சேடி."